டயரின் விலை என்ன? மில்லிமீட்டரில் கணக்குப் போடுவோம்



"காருக்கு டயர் மாற்ற வேண்டும்" என்று வீட்டில் பேச்சு எழுந்தால், அடுத்த கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கடைக்காரர் ஒரு டயருக்கு ஒரு விலை சொல்வார். அதை நான்கால் பெருக்கிப் பார்த்தால் மாதக் கணக்கில் துண்டு விழும். "இன்னும் இரண்டு மாதம் ஓடட்டும்" என்று ஒருவர் சொல்வார். "பயன்படுத்திய டயர் மலிவாகக் கிடைக்குமே" என்று இன்னொருவர் சொல்வார். பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது.

யார் சொல்வது சரி? இந்த வாரம் அதை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். வட்டத்தின் சுற்றளவு, வீதம், உராய்வு, அழுத்தம் ஆகியவை தெரிந்தால் போதும். கையில் ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது என்ன?

நம் நாட்டில் ஓடும் பல சிறிய கார்களின் டயரில் 175/65 ஆர் 14 என்ற குறியீட்டைப் பார்க்கலாம். இதில் மூன்று அளவுகள் உள்ளன.

175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
65 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 65 விழுக்காடு.
14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

நடுவில் இருக்கும் 'ஆர்' என்ற எழுத்து, டயருக்குள் இருக்கும் இழைகள் ஆரத்தின் திசையில் அமைந்துள்ளன என்பதைக் காட்டுகிறது. சில டயர்களில் இதற்கு அடுத்து 82 டி என்றும் இருக்கும். 82 என்றால் அந்த டயர் அதிகபட்சம் 475 கிலோகிராம் சுமை தாங்கும். 'டி' என்றால் அது தாங்கும் உச்ச வேகம் மணிக்கு 190 கி.மீ.

இப்போது சக்கரத்தின் விட்டத்தைக் கண்டுபிடிப்போம்.

பக்கச் சுவரின் உயரம்: 175 × 0.65 = 113.75 மி.மீ.
ரிம்மின் விட்டம்: 14 × 25.4 = 355.6 மி.மீ.
முழு விட்டம்: 355.6 + (2 × 113.75) = 583.1 மி.மீ.
சுற்றளவு: 583.1 × 3.142 = 1832 மி.மீ., அதாவது சுமார் 1.83 மீட்டர்.

ஒரு கிலோமீட்டர் ஓட இந்தச் சக்கரம் ஏறத்தாழ 546 முறை சுழல வேண்டும். 40,000 கி.மீ. ஓடினால் 21.8 மில்லியன் முறை சுழலும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விரைவில் தேவைப்படும்.

நாம் வாங்குவது 6.4 மில்லிமீட்டர்

டயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்களையும் மேடுகளையும் மலாய் மொழியில் 'புங்கா' என்பார்கள். புங்கா என்றால் பூ. நாமும் அதைப் 'பூ' என்றே அழைப்போம். புதிய கார் டயரில் பூவின் ஆழம் பெரும்பாலும் 8 மி.மீ. அளவில் இருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. அதற்குக் கீழே தேய்ந்த டயருடன் கார் ஓட்டக்கூடாது.

ஆகவே நாம் உண்மையில் பயன்படுத்துவது 8 - 1.6 = 6.4 மி.மீ. ரப்பரை மட்டுமே. டயரின் மற்ற பாகங்களான எஃகுப் பட்டை, இழைகள், பக்கச் சுவர் எல்லாம் இந்த 6.4 மில்லிமீட்டரைச் சாலையில் பிடித்து நிறுத்துவதற்காக இருப்பவை.

ஒரு டயர் 40,000 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 6.4 மில்லிமீட்டரை 21.8 மில்லியன் சுழற்சிகளால் வகுத்தால், ஒரு சுழற்சிக்குச் சராசரியாக 0.29 நானோமீட்டர் ரப்பர் தேய்கிறது. இரண்டு கார்பன் அணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் அகலம் அது! ரப்பர் சிறு துகள்களாகத்தான் உதிர்கிறது. ஆனாலும் சராசரி இவ்வளவு குறைவு.

ரப்பருக்கு இந்த உறுதி எப்படி வந்தது? மரத்தில் வடியும் பாலைக் காயவைத்தால் கிடைக்கும் பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று கண்டறிந்தார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே பிணைக்கின்றன. பின்னர் கார்பன் கரியைக் கலந்தபோது ரப்பர் தேய்மானத்தை இன்னும் பல மடங்கு தாங்கியது. டயர் கறுப்பாக இருப்பதும் அதனால்தான்.

இன்றைய கார் டயரில் இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கலந்திருக்கும். லோரி, விமான டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். நம் தாத்தா பாட்டிகள் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து வெட்டிய பால்மரத்தின் ரப்பருக்கு ஈடான பொருள் அந்த வேலைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு?

இனி பணக் கணக்கு. கீழே உள்ள விலைகள் கணக்கிற்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடையின் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

தேர்வு 1: புதிய டயர்
ஒன்றின் விலை 160 ரிங்கிட். நான்குக்கு 640 ரிங்கிட்.
பொருத்துதல், பேலன்சிங், அலைன்மெண்ட்: 60 ரிங்கிட்.
மொத்தம்: 700 ரிங்கிட். பூவின் ஆழம் 8 மி.மீ.

தேர்வு 2: பயன்படுத்திய டயர்
ஒன்றின் விலை 60 ரிங்கிட். நான்குக்கு 240 ரிங்கிட்.
பொருத்தும் செலவு அதே 60 ரிங்கிட்.
மொத்தம்: 300 ரிங்கிட். பூவின் ஆழம் 4 மி.மீ.

700 எங்கே, 300 எங்கே! பார்த்தவுடன் இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் நாம் வாங்குவது மில்லிமீட்டர் அல்லவா?

40,000 கிலோமீட்டரில் 6.4 மி.மீ. தேய்ந்தால், 1,000 கிலோமீட்டருக்கு 0.16 மி.மீ. தேய்கிறது. பயன்படுத்திய டயரில் மீதமிருப்பது 4 - 1.6 = 2.4 மி.மீ. இது 2.4 ÷ 0.16 = 15 ஆயிரம் கிலோமீட்டருக்குத்தான் வரும்.

புதிய டயர்: 700 ÷ 40 = 1,000 கி.மீ.க்கு 17.50 ரிங்கிட்.
பயன்படுத்திய டயர்: 300 ÷ 15 = 1,000 கி.மீ.க்கு 20 ரிங்கிட்.

பில்லில் பாதிக்கும் குறைவாக இருந்த டயர், சாலையில் ஓடும்போது அதிக விலையாகிவிட்டது. இரண்டு காரணங்கள். பூவில் பாதி தேய்ந்திருந்தாலும், பயன்படுத்தக்கூடிய ஆழத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. மேலும், பொருத்தும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். பயன்படுத்திய டயரில் அதை நாம் அடிக்கடி கட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் வித்தியாசம் 2.50 ரிங்கிட்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை மழையில் இருக்கிறது.

மழை வரும்போது என்ன நடக்கிறது?

பயணிகளுடன் நம் சிறிய காரின் எடை 1,100 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 275 கிலோகிராம். விசை சுமார் 2,700 நியூட்டன். டயரின் காற்றழுத்தம் 230 கிலோபாஸ்கல் என்றால், சாலையைத் தொடும் பரப்பு விசை ÷ அழுத்தம் = சுமார் 117 சதுர சென்டிமீட்டர். அகலம் 13 செ.மீ., நீளம் 9 செ.மீ. என்று வைக்கலாம். உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். நான்கு உள்ளங்கைப் பரப்புதான் ஒரு குடும்பத்தையே சாலையில் பிடித்து வைத்திருக்கிறது.

சாலையில் 2 மி.மீ. தண்ணீர் நிற்கிறது. கார் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு டயர் தன் பாதையிலிருந்து அகற்ற வேண்டிய தண்ணீர்:

0.13 × 0.002 × 25 = 0.0065 கன மீட்டர்; நொடிக்கு 6.5 லிட்டர்!

ஒவ்வொரு நொடியும் ஒரு சிறிய வாளித் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஒதுங்கும் வடிகால்தான் பூவின் பள்ளங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் தண்ணீர் அதற்குள் புகுந்து பின்னாலும் பக்கத்திலும் வெளியேறும். ரப்பர் சாலையைத் தொடும். பள்ளம் ஆழமின்றிப் போனால் தண்ணீருக்குப் போக இடமில்லை. அது டயரின் முன்னே ஆப்புபோல் நுழைந்து டயரையே தூக்கிவிடும். அப்போது கார் நீரின்மேல் மிதக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் கார் கேட்காது.

எந்த வேகத்தில் இது நடக்கும்? அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் வால்டர் ஹார்னும் அவருடன் பணியாற்றியவரும் விமான டயர்களைச் சோதித்து, 1963இல் ஓர் எளிய சூத்திரத்தை வெளியிட்டனர். பூ அகற்றக்கூடிய அளவைவிடத் தண்ணீர் ஆழமாக இருந்தால், மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது.

வேகம் (மணிக்கு கி.மீ.) = 6.35 × √அழுத்தம் (கிலோபாஸ்கல்)

230 கிலோபாஸ்கலுக்கு விடை மணிக்கு 96 கி.மீ. காற்று குறைந்து 160 கிலோபாஸ்கல் ஆகிவிட்டால் விடை மணிக்கு 80 கி.மீ. கார் டயரின் வடிவம் வேறு என்பதால் இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். இருந்தாலும் நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 110 கி.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். மாலை மழையில் மொட்டை டயருடன் அந்த வேகத்தில் போவது எத்தகையது என்று விளங்கும்.

மிதக்காவிட்டாலும் ஆபத்து உண்டு. பிரேக் போட்டபின் கார் நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் குணகம் × 9.8). மணிக்கு 80 கி.மீ. என்பது நொடிக்கு 22.2 மீட்டர். காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்றால் கார் 31 மீட்டரில் நிற்கும். ஈரச் சாலையில் தேய்ந்த டயருக்கு அது 0.4 ஆகக் குறைந்தால் 63 மீட்டர் தேவை. எட்டுச் சிறிய கார்களை வரிசையாக நிறுத்தும் அளவுக்குக் கூடுதல் தூரம். அந்தத் தூரத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிளோ, சாலையைக் கடக்கும் பிள்ளையோ இருக்கலாம்.

கணக்கை மீண்டும் போடுவோம்

1.6 மி.மீ. என்பது சட்டத்தின் கடைசிக் கோடு. ஆனால் ஈரச் சாலையில் டயரின் பிடிப்பு அதற்கு முன்பே வேகமாகக் குறையத் தொடங்குகிறது. அதனால்தான் ஐரோப்பாவின் சில சாலைப் பாதுகாப்பு அமைப்புகள், பூ 3 மி.மீ. ஆனவுடன் டயரை மாற்றச் சொல்கின்றன. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் நாட்டுக்கு அந்த அறிவுரை இன்னும் பொருந்தும். ஆகவே 1.6க்குப் பதில் 3 மி.மீ.யில் நிறுத்திக் கணக்கைத் திரும்பப் போடுவோம்.

புதிய டயர்: (8 - 3) ÷ 0.16 = 31.25 ஆயிரம் கி.மீ.; 700 ÷ 31.25 = 1,000 கி.மீ.க்கு 22.40 ரிங்கிட்.

பயன்படுத்திய டயர்: (4 - 3) ÷ 0.16 = 6.25 ஆயிரம் கி.மீ.; 300 ÷ 6.25 = 1,000 கி.மீ.க்கு 48 ரிங்கிட்!

இப்போது உண்மை வெளிவந்துவிட்டது. பயன்படுத்திய டயரின் செலவு புதிய டயருக்குப் பக்கத்தில் வர வேண்டுமானால், அதை ஆபத்தான ஆழம்வரை தேய்க்க வேண்டும். பாதுகாப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதன் விலை இரண்டு மடங்குக்கு மேல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய டயரை 3 மி.மீ.யில் மாற்றுவதால் ஆகும் கூடுதல் செலவு 22.40 - 17.50 = 4.90 ரிங்கிட், 1,000 கிலோமீட்டருக்கு. ஒரு கிலோமீட்டருக்கு அரைச் சென். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சுமார் 200 கி.மீ.; அந்தப் பயணத்துக்குக் கூடுதல் செலவு ஒரு ரிங்கிட்கூட ஆகாது. ஒரு தே தாரிக்கின் விலை வராது.

"எல்லாம் சரி, ஆனால் கையில் 300 ரிங்கிட்தானே இருக்கிறது?" என்று அப்பா கேட்டால் என்ன சொல்வீர்கள்? அது உண்மையான சிக்கல். கணக்குப் புரியாததால் வருவதன்று. அதற்கும் கணக்கிலேயே வழி உண்டு. கார் மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறது என்றால், டயருக்காக மாதம் ஒதுக்க வேண்டியது 1.5 × 22.40 = 33.60 ரிங்கிட். டயர் மாற்றிய மாதத்திலிருந்தே இதை எடுத்து வைத்தால், அடுத்த முறை 700 ரிங்கிட் தயாராக இருக்கும். இப்போதே அவசரம் என்றால், மிகவும் தேய்ந்த இரண்டை மட்டும் மாற்றலாம். 350 ரிங்கிட்டில் முடியும். அப்படி மாற்றும்போது புதிய இரண்டையும் பின்சக்கரங்களில் பொருத்தச் சொல்லுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

பில்லில் வராத செலவுகள்

டயர் உருளும்போது அடிப்பகுதி அமுங்கி, மறுபடி நிமிர்கிறது. அமுக்கச் செலவான ஆற்றல் முழுதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. ஓடி நின்ற காரின் டயர் சூடாக இருப்பது இதனால்தான். இந்த உருளல் தடை காரின் எடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. நம் காருக்குச் சுமார் 108 நியூட்டன்.

100 கி.மீ. ஓட இதற்காகும் ஆற்றல் 108 × 100,000 = 10.8 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 34 மெகாஜூல் ஆற்றல் உண்டு. இயந்திரம் அதில் கால் பங்கை, அதாவது 8.5 மெகாஜூலைத்தான் பயன்படுத்துகிறது என்று கொள்வோம். அப்படியானால் டயர்களை உருட்ட மட்டும் 100 கி.மீ.க்கு 1.27 லிட்டர் தேவை. 40,000 கி.மீ.க்குச் சுமார் 500 லிட்டர். லிட்டர் 2 ரிங்கிட் என்றால் 1,000 ரிங்கிட்! டயரின் விலையைவிட, டயர் குடிக்கும் பெட்ரோலின் விலை அதிகம்.

காற்று குறைந்த டயர் கூடுதலாக அமுங்கும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். ஓரங்களும் விரைவில் தேயும். பெட்ரோல் நிலையத்தில் காற்று அடிக்க ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு செலவை நாம் யாரும் கட்டுவதில்லை. 13 செ.மீ. அகலம், 183 செ.மீ. சுற்றளவு, 0.64 செ.மீ. ஆழம் ஆகியவற்றைப் பெருக்கி, பள்ளங்களுக்காகக் கொஞ்சம் கழித்தால், ஒரு டயர் தன் ஆயுளில் ஒரு கிலோவுக்கும் அதிகமான ரப்பரை இழப்பது தெரியும். அந்தத் தூசு மழைநீருடன் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகிறது. டயர் வெடிக்காமல் இருக்கக் கலக்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து மாறும்போது, கோஹோ சால்மன் மீன்களைக் கொல்லும் நஞ்சாகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர்.

செய்து பாருங்கள்

கார் சமதரையில் நின்று, இயந்திரம் அணைக்கப்பட்டிருக்கும்போது, பெரியவர் ஒருவருடன் சேர்ந்து இவற்றைச் சோதியுங்கள்.

1. பூவின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறிய மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பூ தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

2. மெல்லிய அளவுகோலைப் பள்ளத்தில் வைத்து ஆழத்தை அளவிடுங்கள். உள்ளோரம், நடு, வெளியோரம் என மூன்று இடங்களில் பாருங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்; இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு; ஓர் ஓரம் மட்டும் என்றால் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

3. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2423 என்றிருந்தால், அந்த டயர் 2023ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ ஆழமாக இருந்தாலும், வெயிலிலும் ஓசோனிலும் பழைய ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பயன்படுத்திய டயர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

4. ஓட்டுநர் கதவின் அருகே ஒட்டியிருக்கும் தாளில் காரின் காற்றழுத்தம் எழுதியிருக்கும். மாதம் ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் சரிபாருங்கள். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் இடம் மாற்றினால் நான்கும் சமமாகத் தேயும்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

அ. 185/55 ஆர் 15 டயரின் சுற்றளவு என்ன? 175/65 ஆர் 14 டயருடன் ஒப்பிடுங்கள்.

ஆ. முழுதும் தேய்ந்த டயருடன் கார் ஓடும்போது, மீட்டர் காட்டும் தூரம் உண்மையான தூரத்தைவிடக் கூடுதலா, குறைவா?

இ. உங்கள் வீட்டுக் கார் டயர், 3 மி.மீ. ஆக இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

விடைகள்: அ. சுமார் 1.84 மீட்டர், ரிம் பெரிதானாலும் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றே. ஆ. கூடுதல், விட்டம் 12.8 மி.மீ. குறைவதால் மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது கார் ஓடியது சுமார் 97.8 கி.மீ.தான். இ. இதற்கு விடை உங்கள் கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறது. அளந்து, கணக்கிட்டு, இன்றிரவு வீட்டாரிடம் சொல்லுங்கள்.